கிணற்று ஸ்டாப்பில் விசில் கிடையாது

வாளையார் முதல் வடகரப்பதி வரை அவரைப் போல விசில் ஊத ஒருவர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அந்த ஊதலைத் தாங்குகிற நெஞ்சு அமையப் போவதில்லை. அவர் ஒரு தடவை ஊதினால் பஸ் நிற்கும். கூடவே எதிரில் வரும் மாட்டு வண்டி நிற்கும். வயலில் உழுகிற ஏர் நிற்கும். சோளக்காட்டில் குருவி விரட்டுகிறவர் தூக்கிய கையை இறக்காமல் நிற்பார். இரண்டு தடவை ஊதினால்தான் எல்லாம் மறுபடி புறப்படும்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எங்களுக்கு அவர் டபுள் விசில். மயில் படம் போட்ட தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எழுபதுகளில் எங்கள் பக்கத்து பஸ்களில் கயிற்று மணிதான் வழக்கம். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நிற்க வேண்டும், இரண்டு தடவை இழுத்தால் போக வேண்டும். மயில் பஸ்ஸின் கயிறு ஒரு நாள் அறுந்தது. முதலாளி புதுக் கயிறு வாங்கித் தருகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் பொறுக்க முடியாமல் கோயமுத்தூர் போய் ஒரு பித்தளை விசில் வாங்கி வந்துவிட்டார். அன்றோடு எங்கள் காதுகளின் நல்ல காலம் முடிந்தது.

அப்போது எனக்கு இருபது வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தேன். பஸ்ஸில் நாலு பேர் காது கேட்க "ஆளு எறங்கோணும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன். இல்லையென்றால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வந்த வழியே நடப்பேன். டபுள் விசில் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏந்தம்பி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற? ஒரு சத்தம் போட்டா என்ன ஆயிரும்?"

"ஒண்ணுமில்லீங்க..."

"பாருங்கய்யா, இதயும் எனக்குக் கேக்காம சொல்றான்!"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே இல்லாத எதையோ உற்றுப் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த தோட்டத்துக் கிணறு ரோட்டை ஒட்டி இருந்தது. பெரிய சதுரக் கிணறு, கல் கட்டிய சுவர், ஒரு பக்கம் படி. அதனால் அந்த ஸ்டாப்புக்கே கிணற்று ஸ்டாப் என்று பெயர். மோட்டார் ஓடாத நேரமெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதற்குள்தான் கிடப்பார்கள். அதில் முதல் ஆள் என் தங்கை தங்கமணி. பன்னிரண்டு வயது. விழுந்த வாளியைக்கூடச் சீக்கிரம் எடுத்துவிடலாம், அவளை எடுக்க முடியாது. அம்மா மேலே நின்று கத்துவாள்.

"அடியே, நான் உன்னப் பெத்தனா, கெணத்துல புடிச்சனா? ஏறி வாடி!"

பதிலுக்குக் கீழேயிருந்து ஒரு குட்டிக்கரணம் வரும். அதன் தண்ணீர் அம்மாவின் சேலை வரை தெறிக்கும். அந்தச் சிரிப்பு கிணற்றுச் சுவரில் முட்டி முட்டி மேலே வருவதற்குள் அவள் அடுத்த கரணம் போட்டிருப்பாள்.

இப்படி இருந்த கிணற்றுக்கு டபுள் விசில் வந்து சேர்ந்தது ஒரு கல்யாணத்தால். பாலக்காட்டுக்கு அப்பால் ஓர் ஊருக்கு மயில் பஸ் கல்யாண ஸ்பெஷலாகப் போனது. பந்தியில் இடம் கிடைக்கும் வரை பொழுது போகாமல் வெளியே நடந்தவர், அங்கே சிமெண்ட் குளம் ஒன்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி நடப்பதைப் பார்த்தார். சாப்பாட்டை மறந்தார். மணமக்களையும் மறந்தார். திரும்பி வரும்போது எங்கள் ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தி, கல்யாண வீட்டார் அத்தனை பேரையும் உட்கார வைத்துவிட்டு, கிணற்று மேட்டுக்கு ஓடி வந்தார்.

"அம்மிணி! கொஞ்சம் அந்தச் சொவுத்துக்கும் இந்தச் சொவுத்துக்கும் போய் வா, பாக்கலாம்!"

தங்கமணி போய் வந்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத விட மெதுவாப் போனவனுக்குக் கப்பு குடுத்தாங்க! அடுத்த வருசம் அந்தக் கப்பு எங்க வருது தெரியுமா? நம்ம மயில் பஸ்ஸுல, முன் சீட்டுல உக்காந்து வருது!"

பஸ்ஸிலிருந்து டிரைவர் குட்டேட்டன் எட்டிப் பார்த்தார். பாலக்காட்டு மலையாளி. கோபம் வந்தால் மலையாளம், பசி வந்தால் தமிழ். "எடோ, இது பஸ்ஸோ படகோ? பெண்ணும் மாப்பிள்ளையும் வியர்த்து ஒழுகுது. வாடோ!"

மறுநாள் பொழுது விடியும் முன்பே பயிற்சி ஆரம்பமானது. ஏழு பிள்ளைகள். டபுள் விசில் காக்கி உடுப்பும் தோளில் தோல் பையுமாகக் கிணற்று மேட்டில் நிற்பார். ஒரு துளி தண்ணீர் மேலே படாது. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் பஸ் தொழில். நீச்சலையும் அதைக் கொண்டே நடத்தினார். சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை போவது ஒரு சிங்கிள். திரும்பி வருவது ரிட்டர்ன். மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்தால் அது ஹால்ட். காலில் நரம்பு இழுத்தால் பிரேக் டவுன். காய்ச்சலில் படுத்தால் ஒர்க் ஷாப்.

எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்காரர்களுக்கு ஹால்ட் என்ற சொல்லே ஆகாது. ஒரு பஸ் இரண்டு நிமிஷம் கூட நின்றால், பின்னால் வருகிற பஸ் முன்னால் போய் எல்லா ஸ்டாப்பிலும் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும். வாளையார் செக்போஸ்டில் லாரிகள் வழி மறித்து நின்றால் டபுள் விசில் ஃபுட்போர்டில் நின்றபடியே அழுதுவிடுவார் போலிருக்கும். அந்தப் பயத்தோடுதான் பிள்ளைகளையும் விரட்டினார்.

"நிக்காத பழனிச்சாமி! நீ நிக்கற நேரத்துல பாலக்காட்டுப் பையன் உன்ற ஆளுகள ஏத்திட்டுப் போறான்!"

"எங்கீங்க ஆளு?" என்று கேட்டான் பழனிச்சாமி, கிணற்றுக்குள் சுற்றும்முற்றும் பார்த்து. அதற்கும் இரண்டு விசில்.

முதல் ட்ரிப்புக்கு முன்னால் காலைப் பயிற்சி. மத்தியானம் பஸ் நிற்கிற நேரத்தில் ஒன்று. கடைசி ட்ரிப் முடித்துச் சாயங்காலம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல். இது போதாதென்று, பஸ் எங்கள் ஸ்டாப்பைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டே இரண்டு விசில் கொடுப்பார். அது கேட்டதும் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து கிணற்றில் குதித்து ஒரு ரிட்டர்ன் அடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஊரே துள்ளியது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கத்து சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். தங்கமணி அம்பு மாதிரி போவாள். பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும். நானே மோட்டாரை மறந்து நின்று பாத்திகளை மூழ்கடித்திருக்கிறேன். ஒரு நாள் உற்சாகத்தில் டபுள் விசில் கிணற்றுக்குள் அதிகமாகக் குனிய, டிக்கெட் கட்டுகள் அத்தனையும் தண்ணீரில் விழுந்தன. பிள்ளைகள் முங்கி எடுத்து வேலியில் காயப் போட்டார்கள். அதன் பிறகு வெகு நாள் மயில் பஸ்ஸில் டிக்கெட் அப்பளம் மாதிரி சுருண்டு சுருண்டுதான் கிடைத்தது. ஒரு பெரியவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க கண்டக்டரே, இதப் பொரிச்சுக் குடுக்க மாட்டீங்களா?" என்றார்.

மாரியம்மன் நோன்பு வந்தது. கூட்டத்தை ஒதுக்கப் போலீஸ்காரர் ஒருவர் இரண்டு விசில் கொடுத்தார். அவ்வளவுதான். ஏழு பிள்ளைகளும் புதுத் துணியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிக் கிணற்றில் குதித்தார்கள். போலீஸ்காரர், ஏதோ திருட்டுக் கும்பல் தப்பிக்கிறது என்று பின்னாலேயே ஓடி வந்து, கிணற்று மேட்டில் மூச்சிரைக்க நின்றார். ரிட்டர்ன் அடித்துக்கொண்டே பழனிச்சாமி அவரைப் பார்த்து, "போதுங்களா சார்?" என்றான்.

டபுள் விசிலிடம் ஒரு பெரிய ரகசிய முறை இருந்தது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தால் வேகம் குறையும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கை வீச்சை எண்ணச் சொன்னார். எங்கள் கிணற்றில் தங்கமணிக்குச் சரியாகப் பதினொரு வீச்சு. பதினொன்றில் முங்கித் திரும்பிக் காலால் சுவரை உதைத்தால் திரும்பவும் ஒன்று, இரண்டு.

"சொவுத்தப் பாக்கறவன் செகண்ட். எண்றவன் ஃபர்ஸ்ட்!"

மழைக் காலம் போய்ப் பனிக் காலம் வந்தது. ஏழு பிள்ளைகள் ஐந்தானார்கள். பழனிச்சாமி ஒர்க் ஷாப்புக்குப் போனவன் திரும்பவே இல்லை. விசில் கேட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறான் என்று அவன் அம்மா சொன்னாள். தங்கமணி கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடியே தூங்கினாள். பள்ளிக்கூடத்தில் தூங்கினாள். தூக்கத்தில் எண்ணினாள். பதினொன்று வந்ததும் பாயில் உருண்டு எதிர்ப் பக்கம் போவாள். அவள் பக்கத்தில் படுத்தவர்கள் விடியும்போது வாசற்படியில் கிடந்தோம். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. குட்டிக்கரணம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. காலையில் கிணற்றுப் படியில் நின்று, ஆறிப்போன கஞ்சியைப் பார்ப்பது போலத் தண்ணீரைப் பார்ப்பாள். விசில் கேட்டதும் குதிப்பாள்.

அம்மாதான் முதலில் கேட்டாள். பஸ்ஸை மறித்து நின்று கேட்டாள்.

"ஏனுங்க கண்டக்டரே, புள்ளைய இப்படி மூணு நேரமும் ஊறப் போடறீங்களே, ஊறுகாயா போடப் போறீங்க?"

"இன்னுங் கொஞ்ச நாளுங்க அக்கா. கப்பு வந்துரட்டும்."

"கப்புல சோறு தின்ன முடியுமா?"

"பாயசம் குடிக்கலாமுங்க!" என்றவர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. எதிரில் பேச ஆள் இல்லாமல் அம்மா பஸ் விட்ட புகையைத் திட்டினாள்.

போட்டி நாள் வந்தது. நீச்சல் உடுப்புக்கு என்ன செய்வது என்று வீட்டில் பெரிய யோசனை. டபுள் விசில் தன் பழைய காக்கி உடுப்பு ஒன்றைக் கொடுத்தார். அம்மா அதை வெட்டித் தைத்தாள். மற்றப் பெண் பிள்ளைகள் கறுப்பும் நீலமுமாகப் பளபளவென்று நிற்க, நடுவில் எங்கள் தங்கமணி ஒரு குட்டிக் கண்டக்டர் மாதிரி நின்றாள். டபுள் விசிலுக்குப் பெருமையில் கழுத்து நரம்பு புடைத்தது. குட்டேட்டன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நானும் இருந்தேன், கூட்டத்தின் கடைசி வரிசையில்.

அந்தக் குளத்தைப் பார்த்ததுமே நான் கண்ணாலேயே அளந்தேன். எங்கள் கிணற்றைப் போல நாலைந்தை வரிசையாக வைத்தால்தான் அந்த நீளம் வரும். டபுள் விசிலுக்கு அது தோன்றவில்லை. "நம்ம ரூட்டு குட்டை, இது லாங் ரூட்டு. அவ்வளவுதான்" என்றார்.

ஆரம்பித்தார்கள். குதித்த வேகத்தில் தங்கமணி முன்னால் போனாள். ஓர் ஆள் நீளம் முன்னால்! குட்டேட்டன் எழுந்து நின்று, "போ மோளே, போ!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். டபுள் விசில் இரண்டு இரண்டாக ஊதித் தள்ளினார். கூட்டமே எழுந்தது. காக்கி உடுப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. எட்டு, ஒன்பது, பத்து...

பதினொன்றில் தங்கமணி முங்கினாள். திரும்பினாள். இல்லாத சுவரைக் காலால் உதைத்தாள். புறப்பட்ட இடத்துக்கே அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. டபுள் விசில் குளத்தின் ஓரத்துக்கே ஓடி, "அக்கட்டால அம்மிணி! அக்கட்டால!" என்று எதிர்ப் பக்கம் கை காட்டிக் கத்தி இரண்டு விசில் கொடுத்தார். அவள் மறுபடி போனாள். பதினொன்றில் மறுபடி திரும்பினாள். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் உடம்பு தானாகத் திரும்பியது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்ச் சேர்ந்து, எதிர்ப் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இவர் ஊதிக்கொண்டே இருந்தார்.

அப்போது அவள் கை வீசுவதை நிறுத்தினாள். நடுக்குளத்தில் மல்லாந்து மிதந்தாள். இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். கண் மூடியிருந்தது. கால் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

விசில் நிற்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து யாரோ பெருங்குரலில் கத்தினார்கள்:

"ஆளு எறங்கோணும்!"

அது நான்தான். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டபுள் விசில் என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத் தொழில் அவர் உடம்புக்குள் இருந்தது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நெஞ்சு தானாக ஒரே ஒரு விசில் கொடுத்தது. நிறுத்து என்று அர்த்தம். ஊதி முடித்த பிறகுதான் என்ன ஊதினோம் என்று அவருக்கே தெரிந்தது. விசில் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது.

தங்கமணி காதிலிருந்து கையை எடுத்தாள். மெதுவாக, எண்ணாமல், ஓரத்துக்கு வந்தாள்.

திரும்பும்போது முதல் தடவையாக டபுள் விசில் பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்து வந்தார். தங்கமணிக்கு ஓர் ஆரஞ்சு வாங்கி உரித்துக் கையிலேயே வைத்திருந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு ட்ரிப் இருக்குதுங்களா?"

"கேன்சல் அம்மிணி," என்றார். "எல்லா ட்ரிப்பும் கேன்சல்." அவள் அவர் தோள் மேல் சாய்ந்து தூங்கிப் போனாள். ஊர் வரும் வரை அவர் அசையவில்லை. பதினொன்று வந்தால் உருளுவாளே என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உருளவில்லை.

ஆனால் கிணற்றுப் பக்கம் அவள் போவதும் நின்றுவிட்டது. வெயில் காலம் வந்து மற்றப் பிள்ளைகள் குதித்தும் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பயிற்சி இல்லையென்றாலும் பஸ் நிற்க வேண்டுமே, ரோட்டில் விசில் கேட்கத்தான் செய்தது. கேட்கும்போதெல்லாம் கையில் இருந்ததைக் கீழே போட்டாள். இரண்டு மண்பானை போனது. அம்மா அவளைத் திட்டவில்லை. மீனாக இருந்த பிள்ளையைத் திரும்பக் கொடு என்று மாரியம்மனிடம் கேட்டாள்.

டபுள் விசிலும் நானும் தினமும் பேசிக்கொண்டோம், வாயைத் திறக்காமலே. பஸ் நின்றதும் கிணற்றைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். அந்தப் பெரிய உடம்பு ஒரு சுற்று சுருங்கியது போல இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் கரண்டு போய் மோட்டார் நின்றது. திடீரென்று தோட்டமே அமைதியானது. தொப்பென்று ஒரு சத்தம். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் அது. காய்ச்சல் என்று வீட்டில் இருந்தவள் ஒருத்திதான். நான் மோட்டார் அறைச் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். தங்கமணி பாவாடை பலூன் போல உப்ப, எந்தச் சுவரையும் தொடாமல் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மல்லாந்தாள். வாயில் தண்ணீர் எடுத்து வானத்தைப் பார்த்துத் துப்பினாள்.

அந்த நேரம் பார்த்து மயில் பஸ்ஸின் சத்தம் வளைவில் கேட்டது.

என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. இப்போது ஒரு விசில் கேட்டால் போதும், ஏறிப் போகிறவள் திரும்பி இறங்கவே மாட்டாள். கத்தினாலும் அவளுக்குக் கேட்டுவிடும். ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஃபுட்போர்டில் டபுள் விசில். வாயில் விசில். கன்னம் உப்பிவிட்டது. நான் உதட்டில் விரலை வைத்தேன். கிணற்றைக் காட்டினேன்.

ஊதப் போன காற்று முழுவதையும் அவர் விழுங்கினார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது. விசிலைச் சத்தமில்லாமல் கீழே விட்டு, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. குட்டேட்டனுக்கு என்ன புரிந்ததோ, பஸ்ஸும் சத்தமில்லாமல் நின்றது. உள்ளேயிருந்து ஒருவர், "என்னாச்சுங்க கண்டக்டரே?" என்றார்.

"ஸ்ஸ்! வாய மூடுய்யா!"

கிணற்றிலிருந்து ஒரு குட்டிக்கரணத்தின் சத்தம் வந்தது. பின்னாலேயே சிரிப்பு, சுவரில் முட்டி முட்டி. டபுள் விசில் எட்டிப் பார்க்கவில்லை. சோளக்காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு தகரத்தில் மெதுவாக இரண்டு தட்டு. பஸ் போனது.

அதற்கப்புறம் எல்லா ஸ்டாப்பிலும் விசில், எங்கள் ஸ்டாப்பில் மட்டும் கைத்தட்டு. என்னைக் கண்டால் நான் வாய் திறக்கும் முன்பே தட்டிவிடுவார். வருஷங்கள் போய் அவர் வேலையை விடும் சமயம், புதுக் கண்டக்டர் ஒருவரைக் கூட்டி வந்து ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஸ்டாப் வந்ததும் அந்தப் புது ஆள் விசிலை எடுத்தார். இவர் எட்டி அவர் கையைப் பிடித்தார்.

"இங்க ஊதக் கூடாது. கையால தட்டோணும்."

"ஏனுங்க?"

"அம்மிணி குளிச்சிட்டிருக்கும்."

தங்கமணி கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கம் போய் அப்போதே வெகு காலம் ஆகியிருந்தது. அன்றைக்கு அந்தக் கிணற்றில் ஒரு தவளைகூட இல்லை. நான் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டேன்.